இந்திராணியின் வக்காலத்து

எச்சில் விழுங்குவதற்கு முன்னால் ஒரு நொடி யோசிக்க வேண்டியிருக்கிறது என்பதை இந்திராணி யாரிடமும் சொன்னதில்லை. மோவாயைத் தாழ்த்தி, தலையை இடது பக்கம் திருப்பி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விழுங்க வேண்டும். அரசாங்க ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசு டாக்டரம்மா அப்படித்தான் சொல்லிக் கொடுத்தாள். நாற்பத்தெட்டு வருஷம் இதை ஒரு காரியமாகவே நினைக்காமல் செய்துகொண்டிருந்திருக்கிறோமே என்று முசிறியில் வக்கீல் அருளானந்துவின் ஆபீஸ் பெஞ்சில் உட்கார்ந்து நினைத்துக்கொண்டிருந்தபோது, டைப் அடிக்கிற பெண் எழுந்து வந்து தண்ணீர்ச் சொம்பை நீட்டினாள். "குடிங்கம்மா, வெயில்ல வந்திருக்கீங்க. சார் மாடில சாப்பிட்டுக்கிட்டிருக்காரு, இறங்கிடுவாரு." இந்திராணி கையை நீட்டுவதற்குள் தம்பி ரத்தினம் சொம்பை வாங்கிக்கொண்டான். "அக்காவுக்குத் தண்ணி ஆகாதும்மா. புரை ஏறிடும். சாவற மாதிரி இருமும், பாக்க முடியாது." அண்ணாந்து மடமடவென்று குடித்தான். அவன் தொண்டை மேலும் கீழும் போய்வருவதை அவள் பார்த்தாள். எவ்வளவு சுலபமாகப் போகிறது. பார்க்கக் கூடாது என்று கண்ணைத் திருப்பினால் சுவரில் சட்டப் புத்தகங்கள், எல்லாம் ஒரே சிவப்பு அட்டை, ஒரே உயரம். ஆகாது என்று இவன் ஏன் சொல்கிறான்? ஆகும். மெதுவாகக் குடித்தால் ஆகும், யாரும் பார்க்காமல் இருந்தால் ஆகும். அதைச் சொல்ல வேண்டுமானால் மூச்சை அடிவயிற்றிலிருந்து கூட்டி மேலே கொண்டுவர வேண்டும், வந்தாலும் பாதி காற்றாகத்தான் வெளியே போகும், அந்தப் பெண் "என்னம்மா?" என்று காதைக் கிட்டே கொண்டுவருவாள், ரத்தினம் "அக்கா என்ன சொல்லுதுன்னா" என்று வேறு ஏதாவது சொல்வான். ரெண்டு வருஷமாக அவள் சொல்வதெல்லாம் அவன் வாய் வழியாகத்தான் ஊருக்குப் போகிறது. ரெண்டு வருஷம் கூட இல்லை. ரெண்டு வருஷத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள் பாக்கி. அதைத் தாண்டினால் நுகர்வோர் கோர்ட்டில் மனுவை வாங்கமாட்டார்கள். கெடு தாண்டி வந்த கட்டுகள் எப்படித் திரும்பிப் போகும் என்று அவளுக்குத் தெரியும், கோர்ட்டிலேயே பழுத்தவள் அவள்.

"குரல் கொஞ்ச நாளைக்குக் கம்மியா இருக்கும், அப்புறம் சரியாயிடும்." கழுத்து ஆபரேஷனுக்கு முன்னால் அந்த டாக்டர் சொன்னது அதுதான். காலையிலிருந்து நூறு தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். பல் தேய்க்கும்போது, சேலை கட்டும்போது, ரத்தினத்தின் வண்டிக்குப் பின்னால் உட்கார்ந்து வரும்போது. ஆனால் பெருமாள் கோயில் திருப்பத்தில் வேகத்தடை ஏறி இறங்கிய நேரத்தில் திடீரென்று ஒரு சந்தேகம் வந்தது. இருக்கும் என்றாரா, இருக்கலாம் என்றாரா? இருக்கும் என்றால் கட்டாயம் வந்து கட்டாயம் போய்விடுவது. இருக்கலாம் என்றால் வந்தாலும் வரலாம், போனாலும் போகலாம், போகாமலும் இருக்கலாம். அந்த ஒரு வார்த்தையில்தானே எல்லாம். வரப்புத் தகராறு ஒன்றில் சாட்சிக் கூண்டில் ஏறிய ஒரு மனுஷர், முதலில் மேற்கே என்றவர் அப்புறம் மேற்காப்பல என்றார். எதிர்க்கட்சி வக்கீல் அந்த "ஆப்பல"வைப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் விடவில்லை. கடைசியில் அவர் தன் சொந்த நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்பதே தெரியாமல் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். கதவோரம் நின்று அதைப் பார்த்த அன்றைக்கு இந்திராணிக்குச் சிரிப்பு வந்தது. இனி கூண்டில் ஏற வேண்டியது அவள். இருக்கும். இருக்கும் என்றுதான் சொன்னார். சொல்லும்போது டீ கிளாஸைக் கீழே வைத்தார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, கிளாஸின் அடியில் ஒட்டியிருந்த பேப்பரைப் பிய்த்து எறிந்தார், அதுகூட ஞாபகம் இருக்கிறது. பேப்பர் ஞாபகம் இருக்கிறது, வார்த்தை ஞாபகம் இல்லை என்றால் யார் நம்புவார்கள்.

அவளே ஒரு காலத்தில் எவ்வளவு வார்த்தைகளை இந்த ஊருக்கு மேல் வீசியிருக்கிறாள். வார்த்தைகள்கூட இல்லை, பேர்கள். கோர்ட் வராந்தாவில் நின்று கட்சிக்காரர்களின் பேரை மூன்று தடவை கூப்பிடுகிற டவாலி வேலை. அவள் புருஷன் கலியபெருமாள் பார்த்துக்கொண்டிருந்த வேலை. அவர் மஞ்சள் காமாலையில் போன பிறகு கருணை அடிப்படையில் அவளுக்குக் கொடுத்தார்கள். முதல் நாள் வாயே திறக்கவில்லை. வேப்ப மரத்தடியில் நூறு ஆம்பிளைகள் நிற்கிற இடத்தில் ஒரு பொம்பளை எப்படி, யாரோ ஒருவன் பேரை, அவ்வளவு சத்தமாக. "இது என்னம்மா காதுல ரகசியமா? ரோட்டுக்குக் கேக்கணும்" என்றார் உள்ளேயிருந்து நீதிபதி. ரெண்டாவது வாரமோ மூன்றாவது வாரமோ, தாளில் அடுத்த பேர் கலியபெருமாள் என்றிருந்தது. வேறு யாரோ ஒரு கலியபெருமாள், தா.பேட்டைக்காரர், பாகப்பிரிவினை கேஸ். பதினாலு வருஷம் குடும்பம் நடத்தியதில் அந்தப் பேரை அவள் ஒருநாள்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை, ஆஸ்பத்திரியில் படுக்கையில் கண் செருகும்போதுகூட "என்னங்க, என்னங்க" என்றுதான் உலுக்கினாள். உள்ளே எல்லாரும் காத்திருந்தார்கள். அவள் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாள். கலியபெருமாள். ரெண்டாவது தடவை இன்னும் பலமாக. மூன்றாவது தடவை கூப்பிட்டது கோர்ட்டுக்காக இல்லை. அடிவயிற்றிலிருந்து எதுவோ பிய்த்துக்கொண்டு கிளம்பி, மரத்துக்கு மேலே போய், பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனது. அப்போது ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு மனுஷர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டே ஓடிவந்தார், "வந்துட்டேம்மா, வந்துட்டேன்" என்று. அன்றைக்குத்தான் அவளுக்குக் குரல் திறந்தது. அதற்கப்புறம் பத்தொன்பது வருஷம் யாரும் அவளை உரக்கக் கூப்பிடு என்று சொன்னதில்லை.

கட்டி வந்தது கழுத்தில், எலுமிச்சங்காய் அளவு. வலி கிடையாது. ஆனால் கூப்பிடும்போது அதுவும் கூடவே ஏறி இறங்கியது, ஜனங்கள் முகத்தைப் பார்க்காமல் அதையே பார்த்தார்கள். சேலைத் தலைப்பை இழுத்துச் சுற்றிக்கொண்டு நிற்பாள். சோதித்துப் பார்த்தார்கள், கெட்ட கட்டி இல்லை என்று வந்துவிட்டது. அப்படியே விட்டிருக்கலாம். விட்டிருக்கலாம்தானே? எடுத்துவிடலாம் என்று சொன்னது டாக்டரா, எடுத்துவிடுங்கள் என்று கேட்டது அவளா? அங்கேதான் நினைப்பு போய்ப் போய் முட்டுகிறது, ஈ கண்ணாடியில் முட்டுவதுபோல. அந்த மனுஷரைக் கெட்டவர் என்று சொல்லவும் நா எழவில்லை. வியாழக்கிழமை தோறும் திருச்சியிலிருந்து இங்கே தனியார் ஆஸ்பத்திரிக்கு வருவார், "என்னம்மா, கோர்ட்டுல இன்னிக்கு யாரு ஜெயிச்சா?" என்று கேட்பார், கழுத்தைத் தடவிப் பார்க்கும் விரல்கள் பஞ்சு மாதிரி இருக்கும். ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது அந்த விரல்களைத்தான் தேடினாள். வாயைத் திறந்தாள். ஓட்டை டியூபிலிருந்து காற்று போவதுபோல ஒரு சத்தம். ரெண்டு வாரம் என்றார்கள். அப்புறம் ஒரு மாசம். அப்புறம் சளி என்றார்கள், அப்புறம் நர்ஸ் ஒருத்தி மனசை தைரியமாக வைத்துக்கொள்ளச் சொன்னாள், எல்லாம் மனசுதான் என்றாள். நாலாவது மாசம் திருச்சி அரசாங்க ஆஸ்பத்திரியில் மூக்கு வழியாக ஒரு கம்பியை விட்டு, டி.வி.யில் காட்டினார்கள். தன் தொண்டைக்குள்ளே தன்னையே பார்த்தாள். சிவப்பாக, ஈரமாக, ரெண்டு வெள்ளை நாண்கள். "ஆ சொல்லுங்கம்மா." வலது பக்கம் நடுவுக்கு வந்தது. இடது பக்கம் வரவில்லை. வலது பக்கம் மறுபடி வந்து காத்திருந்துவிட்டுத் திரும்பிப் போனது. "நரம்பு அறுந்திருக்கு, இல்லேன்னா கட்டும்போது சேர்த்துக் கட்டியிருக்காங்க. உங்ககிட்ட யாரும் சொல்லலையா?" சொல்லவில்லை. யாரும் சொல்லவில்லை. அறுத்ததுகூடப் பரவாயில்லை, கை தவறும், அவளும் வெங்காயம் நறுக்குகிறவள்தான். தெரிந்துகொண்டே நாலு மாசம் சளி என்றார்களே. அந்த இடத்துக்கு வரும்போதுதான் உடம்பு சூடாகிறது. இப்போது கோர்ட்டில் மைக் வைத்துவிட்டார்கள். அவளைப் பதிவறைக்கு மாற்றினார்கள். காகிதக் கட்டுகளுக்கு நடுவே பேச்சே வேண்டியதில்லை, நல்லதுக்குத்தான் செய்தார்கள். நாமக்கல்லில் கட்டிக்கொடுத்த மகள் போனில் "கேக்கலம்மா, கேக்கல" என்று சொல்லிச் சொல்லி, இப்போதெல்லாம் காலையில் பூப் படம் அனுப்புகிறாள்.

செருப்புச் சத்தம் படியில் இறங்கியது. அருளானந்து அறுபதைத் தாண்டியவர், வீட்டில் வேட்டியும் பனியனுமாக இருப்பார் என்று அவள் நினைத்ததில்லை. கறுப்புக் கோட்டு இல்லாமல் வேறு யாரோபோல இருந்தார். அவரும் முடியாது என்றால்? ஏற்கெனவே ரெண்டு வக்கீல்கள் முடியாது என்று சொல்லிவிட்டார்கள். ஒருவருடைய மனைவிக்கு அந்த டாக்டர்தான் வைத்தியம். இன்னொருவர் "கத்தின்னு வச்சா நாலும் இருக்கும்" என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார். "வாங்க இந்திராணிம்மா" என்று சொல்லி அருளானந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். அவ்வளவுதான், ரத்தினம் ஆரம்பித்துவிட்டான். "சார், அக்கா கோயில் மணி மாதிரி இருந்துச்சு சார். அந்தாளு நரம்ப வேணும்னே அறுத்துட்டான். ராத்திரி பகலா அழுவுது. சோறு தண்ணி இல்ல." வேணுமென்று யாரும் அறுக்கவில்லை. ராத்திரி அழுவதில்லை, ராத்திரி அவள் தூங்கிவிடுகிறாள், அதுகூட அவளுக்குக் குற்றமாகப் படுகிறது. சோறு தின்கிறாள், குழைய வடித்துத் தின்கிறாள். இவன் சொல்கிற இந்திராணி யார்? அவளைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறதே. இப்படித்தான் மனு முழுவதும் அவளைப் பற்றி எழுதப் போகிறார்களா, கூண்டில் ஏறி அதையெல்லாம் நான்தான் என்று ஒப்புக்கொள்ள வேண்டுமா? வக்கீல் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஆஸ்பத்திரிக் காகிதங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினார். ஐந்து பக்கம் இங்கிலீஷில் அச்சடித்த ஒப்புதல் படிவத்தில் விரல் நின்றது. "குரல் பாதிக்கப்படலாம்னு இதுல ஒரு வரி இருக்கு. கீழ உங்க கையெழுத்து. பக்கத்துல சாட்சி. எடுத்துச் சொன்னாங்க, புரிஞ்சுதுன்னு சாட்சி கையெழுத்துப் போட்டிருக்காரு. நாகரத்தினம்." கண்ணாடிக்கு மேலே பார்த்தார். "நீங்கதானா?"

ரத்தினம் வாயைத் திறந்தபடியே இருந்தான். "அவங்க பேனாவக் குடுத்தாங்க சார். இங்க போடுன்னாங்க." மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டது. இவ்வளவு நாள் இவன் ஏன் இப்படி ஓயாமல் பேசினான், கடையைப் பூட்டிப் போட்டுவிட்டு ஏன் அவளை ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகச் சுமந்தான் என்பது அந்தச் சத்தத்தில் இந்திராணிக்குப் புரிந்தது. சாட்சிக் கையெழுத்து தன்னுடையது என்பது அவனுக்கு முதலிலிருந்தே தெரியும். அவன் காது சிவந்திருந்தது, சின்ன வயசில் சிலேட்டை உடைத்துவிட்டு வந்து நின்றபோது சிவந்த மாதிரியே. "இப்ப நீங்க சொல்லுங்கம்மா" என்றார் வக்கீல். அவள் மோவாயைத் தாழ்த்தினாள், எச்சிலை விழுங்கினாள், மூச்சைக் கூட்டினாள். "டாக்டரு..." காற்று. மறுபடியும். அந்த அறையில் தன் சத்தத்தைத் தானே கேட்பது, நிர்வாணமாக நிற்பதுபோல இருந்தது. ரெண்டு மூன்று வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்தினாள். டைப் சத்தம் நின்றுவிட்டது. அந்தப் பெண் கேட்கிறாள். கட்டி கெட்டது இல்லை என்பதையும், எடுத்துவிட வேண்டும் என்று தானும் ஆசைப்பட்டதையும், சளி என்றதையும் சொன்னாள். இருக்கும் என்றாரா இருக்கலாம் என்றாரா என்பது இப்போது உறுதியாகத் தெரியவில்லை என்றும் சொல்லிவிட்டாள். சொல்லக் கூடாது என்று நினைத்ததுதான். ரத்தினம் தலையில் கை வைத்துக்கொண்டான். வக்கீல் மட்டும் பேனாவை மூடாமல் உட்கார்ந்திருந்தார், ஒரு தடவைகூட "என்ன?" என்று கேட்கவில்லை.

"ஒப்புதல் படிவத்த சமாளிக்கலாம்" என்றார் அவர். "நாலு மாசம் மறைச்சதுக்கு அரசாங்க ஆஸ்பத்திரிக் காகிதம் இருக்கு. சிக்கல் வேற எடத்துல. அவங்க வக்கீல் என்ன சொல்லுவான் தெரியுமா? இந்தம்மா இருபது வருஷமாக் கத்திக் கத்திக் குரல் முன்னாடியே கெட்டுப்போச்சும்பான். ஆபரேஷனுக்கு முன்னால தொண்டையில கம்பி விட்டுப் பாத்திருக்கணும், பாக்கல. அது அவங்க தப்பு. ஆனா அவங்க பாக்காததால, உங்க குரல் நல்லா இருந்துச்சுங்கறதுக்கும் காகிதம் இல்லாமப் போச்சு. வீட்ல எங்கயாச்சும் பதிவு இருக்கா?" ரத்தினம் செல்போனை எடுத்துத் துழாவினான். மகள் கல்யாண வீடியோவில் அவள் மூன்று தடவை வருகிறாள், மூன்று தடவையும் மேலே சினிமாப் பாட்டு. கோர்ட்டுக்குள் செல்போன் எடுக்கக் கூடாது. எடுத்தவர்களை அதட்டி உள்ளே வைக்கச் சொன்னதே அவள்தான். பத்தொன்பது வருஷம், நாளைக்கு ஐம்பது பேர், ஒவ்வொரு பேரும் மூன்று தடவை. எங்கே போனது எல்லாம்? வேப்ப மரத்திலும் ரோட்டிலும் கரைந்துவிட்டது. இல்லவே இல்லாத ஒன்றையா ரெண்டு வருஷமாகத் தேடுகிறேன்? தாகம் எடுத்தது. "கோர்ட் ஆளுங்க சாட்சி சொல்லுவாங்களே சார்" என்றான் ரத்தினம், மெதுவாக. "சர்வீஸ்ல இருக்கறவங்க வரமாட்டாங்க தம்பி. பழைய ஜட்ஜு ரெண்டு பேரு செத்தே போயிட்டாங்க. நம்ம வக்கீலுங்க யோக்கியதையத்தான் நீங்களே பாத்துட்டீங்களே." அருளானந்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் பனியனில் துடைத்தார். "நான் சொல்லலாம். பத்தொன்பது வருஷமும் நான் அங்க இருந்திருக்கேன். ஆனா சாட்சி சொல்ற வக்கீல் அந்தக் கேஸை நடத்தக் கூடாது. அது விதி. நடத்துனா வாய மூடிக்கிட்டு நடத்தணும். ரெண்டுல ஒண்ணுதான் நான். எதுன்னு நீங்கதான் சொல்லணும்."

"நீங்க நடத்துங்க சார்" என்றான் ரத்தினம் உடனே. "இன்னும் பத்தொன்பது நாள்தான் இருக்கு. வேற யாரு வருவா?" அவன் சொல்வது சரி. சரியில்லை என்று எப்படிச் சொல்வது. அவள் மடியில் வக்காலத்து நாமா இருந்தது, அருளானந்து பேரை ரத்தினம் நேற்றே எழுதி வைத்திருந்தான், அவள் கையெழுத்துப் போட வேண்டியதுதான் பாக்கி. வக்கீல் இருந்தால் கேஸ் இருக்கும். கேஸ் இருந்தால் குரல் இருந்ததாக யாராவது சொல்ல வேண்டும். சொல்ல யாருமில்லாமல் கேஸ் மட்டும் இருந்து என்ன? ஆனால் வக்கீலே இல்லாமல் சாட்சி மட்டும் இருந்து என்ன? ரெண்டு பக்கமும் பள்ளம். அவள் மூச்சைக் கூட்டினாள். "சாட்சின்னா... என்ன சார் சொல்லுவீங்க?" அவர் யோசித்தார். முகத்துக்காக ஏதாவது சொல்லிவிடுவார் என்று பயந்தாள், கோயில் மணி என்று இவரும் சொன்னால் எழுந்து போய்விட வேண்டும். "உண்மையச் சொல்றேன், வருத்தப்படாதீங்க. எனக்கு உங்க சத்தம் பிடிக்காது. எதிர்க்கடையில டீய வாயில வச்சிருப்பேன், பஸ் ஹாரனையும் தாண்டி வந்து பிடரியில அடிக்கும். சட்டையெல்லாம் டீ. கோடையில உங்க மேல புகார் எழுதலாமான்னுகூட நெனச்சிருக்கேன். கதவ மூடுனாலும் கேக்கும். பேருல ஒரு எழுத்து பிசகாது. தாத்தையங்கார்பேட்டை நாச்சிமுத்துப் பிள்ளை மகன் சிதம்பரநாதன், மூணு தடவையும் முழுசா. அதச் சொல்லுவேன். சத்தியம் பண்ணிட்டுச் சொல்லுவேன்." இந்திராணி முகத்தைத் தாழ்த்திக்கொண்டாள். இருந்திருக்கிறது. ஒரு மனுஷருடைய சட்டையில் டீ கொட்டுகிற அளவுக்கு இருந்திருக்கிறது. அவள் வக்காலத்து நாமாவை மேஜைமேல் விரித்தாள், பேனாவை வாங்கி, அவருடைய பேரைக் குறுக்காக அடித்தாள். "சாட்சியா வாங்க சார்." முதல் தடவையிலேயே அவருக்குக் கேட்டது.

குளித்தலையில் ஒரு வக்கீலம்மா இருக்கிறாள், இந்த டாக்டரிடம் போகாத குடும்பம், எடுத்தாலும் எடுப்பாள் என்று ஒரு துண்டுச் சீட்டில் பேர் எழுதிக் கொடுத்தார். எடுத்தாலும் எடுப்பாள். நேரே அங்கேயே போகலாம் என்று வண்டியைக் கிளப்பும்போது ரத்தினம் பொருமினான். "வக்கீல் வைக்க வந்துட்டு, இருந்த வக்கீலையும் வுட்டுட்டுப் போறோம்." காவிரிப் பாலத்தில் ஏறியதும் காற்று சேலையைப் பிடித்து இழுத்தது. கீழே தண்ணீர் இல்லை, மணல்தான், நடுவில் ஒரு கோடு மாதிரி ஓடுகிறது. குளித்தலைக்காரியும் முடியாது என்றால்? அதற்கப்புறம் திங்கள், செவ்வாய், நாட்கள் தாமாகவே போய்க்கொண்டிருக்கும். ஒருவேளை எடுத்துக்கொண்டாலும் நாலு வருஷம், ஆறு வருஷம், மேல் கோர்ட்டு, அந்த டாக்டர் எதிரே வந்து நின்று "என்னம்மா, நல்லாயிருக்கீங்களா?" என்று கேட்டால் எந்த முகத்தோடு நிற்பது. நரம்பு மட்டும் திரும்பி வராது, தீர்ப்பு எப்படி வந்தாலும் வராது. முன்னால் ரத்தினம் தலையைத் திருப்பாமல் என்னவோ கேட்டான். அவள் பதில் சொன்னாள். காற்று அதை அவள் உதட்டிலேயே பிடுங்கிக்கொண்டது. அவன் மறுபடி கேட்டான். அவள் மறுபடி சொன்னாள். வழக்கமாக அவன் அதோடு விட்டுவிடுவான், தானே ஒரு பதிலை வைத்துக்கொள்வான். இன்றைக்குப் பாலத்தின் நடுவிலேயே வண்டியை ஓரங்கட்டினான். என்ஜினை அணைத்தான். ஹெல்மெட்டைக் கழற்றி டாங்கின்மேல் வைத்துவிட்டு, முழுசாகத் திரும்பி, காதை அவள் வாயருகே கொண்டுவந்தான். காதோர மயிர் நரைத்திருப்பதை அவள் அப்போதுதான் பார்த்தாள். "இப்பச் சொல்லுக்கா."

"பயமா இருக்குடா" என்றாள் இந்திராணி.

பின்னால் வந்த லாரி ஒன்று நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே விலகிப் போனது. பாலம் அதிர்ந்து அடங்கியது. ரத்தினம் தலையை எடுக்கவில்லை.